பதினோராம் நம்பர் போஞ்சி

பலகையில் பனித்துளிகள் கோத்து நின்றன. நவமணி முந்தானையால் துடைத்தாள். துடைக்காவிட்டாலும் வெயில் ஏறினால் காய்ந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போஞ்சி விதை, அதான் பீன்ஸ் விதை, போட்ட நாளிலிருந்து ஐந்து வாரமாக, காலையில் மேலே ஏறி வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை இதுதான். துடைத்தால் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. ‘11. த. நவமணி’. வெள்ளைப் பலகை, நீல எழுத்து. ‘த’ என்பது தர்மலிங்கம், அவள் புருஷன், கொழும்பில் ஒரு கடையில் கொத்து ரொட்டி போடுகிறவன். அந்த எழுத்து சின்னது, நவமணிதான் பெரிது. தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தபோது அவள் பெயர் செக்ரோல் என்கிற சம்பளப் புத்தகத்துக்குள் ஒரு நம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. பலகையில் ஏறிய பெயர்கள் எல்லாம் துரைமார் பெயர்கள். இப்போது பார், மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் இவள் பெயர் நடுக்காட்டில் நிற்கிறது. “என்னா புள்ள, தேய்ச்சித் தேய்ச்சிப் பேர அழிச்சிப்புடாத!” பன்னிரண்டாம் துண்டிலிருந்து சவரிமுத்து சத்தம் போட்டார். பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை, கம்பளித் தொப்பி மட்டும் தெரிந்தது. இருபது வருஷம் அவளுக்குக் கங்காணியாக இருந்து, கொழுந்து எடுக்கும் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நின்று அதட்டிய மனுஷர். இப்போது அவருக்கும் அவளைப் போலவே ஒரு துண்டு நிலம், அவளைப் போலவே ஒரு பலகை, ஒரு நம்பர் தள்ளி. “அழிஞ்சா மறுபடி எழுதிக்கிறேன், அண்ணே,” என்றாள். அண்ணே. அந்தச் சொல்லை வாயில் கொண்டுவர அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. நாக்கு ‘கங்காணி ஐயா’ என்றுதான் ஓடும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டைக் கயிற்றைப் பிடித்துத் திருப்புவதுபோல அதைத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டாள்.

ஒன்பது மணிக்குப் பயிரைப் பார்க்க வருகிறார்கள். இப்போது ஏழரை இருக்கும். கீழே கொலனியில் நாற்பத்திரண்டு தகரக் கூரையும் ஒரே நேரத்தில் புகைய ஆரம்பித்திருந்தன. மண்சரிவில் பழைய லயங்கள், தோட்டத்து வரிசை வீடுகள், போனபிறகு முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு கூடாரத்தில், பிறகு இந்த மேட்டில் வீடு. வீடுகளுக்கு மேலே, கைவிட்டுக் காடாகிப் போன தேயிலை நிலம். அதை வெட்டி, வேரைப் பிடுங்கி, கல் அடுக்கிப் படிகட்டி, பதினான்கு துண்டாக்கியது கொலனிச் சங்கம். கேட்டவர்கள் முப்பது பேர். சீட்டுக் குலுக்கிப் பதினான்கு பேருக்குக் கொடுத்தார்கள், மற்றவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். சட்டம் ஒன்றுதான். விதைத்த ஐந்தாம் வாரம் விவசாயப் போதனாசிரியர் வந்து பார்ப்பார். பயிர் சரியில்லை என்றால் துண்டு அடுத்த பெயருக்குப் போகும். ஆறாம் துண்டு அப்படித்தான் போனது. அந்தப் பலகைக்கு வெள்ளை அடித்துப் புதுப் பெயர் எழுதினார்கள், ஆனால் நனைந்த நாளில் வெள்ளைக்கு அடியில் பழைய பெயர் லேசாகத் தெரிகிறது. நவமணி அந்தப் பக்கம் போகும்போது பார்க்காமல்தான் போகிறாள். எதற்குப் பார்க்க வேண்டும்? அவளுடைய போஞ்சிக்கு என்ன குறை? ஆறு வரிசை, வரிசைக்கு அறுபது கம்பு, கம்புக்கு இரண்டு கொடி. முதல் வரிசையின் கீழ்முனையில், தண்ணீர் வடிகிற கானுக்குப் பக்கத்தில் இருக்கிற பன்னிரண்டு கொடிகளைப் பார்த்தால் யாரும் ஒருமுறை நிற்பார்கள். மற்றவை ஒற்றைக் கொடியாக ஏறும்போது அவை மட்டும் இரண்டும் மூன்றுமாகக் கிளைத்துக் கம்பை மூடிக்கொண்டு நிற்கின்றன. கானில் அடித்து வந்த மண்ணின் சத்து என்று அவள் சொல்கிறாள். சவரிமுத்து வேறு சொல்கிறார்: “யாருக்கும் தெரியாம என்னமோ உரம் போட்டிருக்க. சங்கத்துல சொல்லவா?” சொல்லட்டும். போதனாசிரியரை முதலில் அங்கேதான் கூட்டிப்போக வேண்டும், பிறகு இரண்டாம் வரிசை, பிறகு மூன்றாம்.

மூன்றாம் வரிசையில் கொடிகளுக்குத் தலை இல்லை. அவள் ஒரு கம்பைப் பார்த்தாள், அடுத்த கம்பைப் பார்த்தாள், பிறகு வரிசை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். நேற்று இடுப்பு உயரத்துக்கு வந்திருந்த கொடிகள், நுனியைச் சுருட்டிக்கொண்டு கம்பைத் தேடித் தேடி ஏறிக்கொண்டிருந்த கொடிகள், கடைசிச் சில கம்புகளைத் தவிர அத்தனையும் ஒரே மட்டத்தில் மொட்டையாக நின்றன. அவள் கால் ஓடுவதற்கு ஓரடி எடுத்துவிட்டது. அது அவளுக்குப் பழக்கமானதுதான், மழை கொஞ்சம் உரத்துப் பெய்தாலே அப்படித்தான், மனது எழும்புவதற்கு முன்னால் கால் எழும்பி வாசலில் போய் நிற்கும். இன்றைக்கு மழை இல்லை. நிலம் அசையவில்லை. கொடிக்குத்தான் தலை இல்லை. முயலா? முயல் இவ்வளவு உயரம் எட்டாது. முள்ளம்பன்றி கிழங்குக்குத்தான் வரும். மரை. அந்தப் பெரிய மான்தான் இடுப்பு உயரத்தில் தின்னும். போன மாதம் நாலாம் துண்டில் இறங்கி ஒரு பாத்தி முட்டைக்கோவாவைத் தின்றுவிட்டுப் போனதே. ஆனால் மரை மூன்றாம் வரிசையை மட்டும் தின்னுமா? இரண்டாம் வரிசையை ஒதுக்கி, நாலாம் வரிசையை ஒதுக்கி, நடுவில் நின்று இலை போட்ட பந்தியில் சாப்பிடுவதுபோல ஒரே வரிசையாகத் தின்னுமா? அவள் குனிந்து மண்ணைப் பார்த்தாள். ஈர மண், கால் பட்டால் அச்சு விழும். குளம்பு இல்லை. செருப்புத் தடம் இருந்தது, அவளுடைய செருப்பு, வலது காலில் குதிகால் தேய்ந்தது. வேறு தடமே இல்லை. அதனால் என்ன, மனுஷன் கல்லுக் கட்டின் மேல் நின்று எட்டிப் பறிக்கலாம். எந்த மனுஷன்? அடுத்த துண்டில் லீக்ஸ் போட்டிருக்கிற மனுஷன். முந்தாநாள் கூடச் சொன்னாரே, ஒன் போஞ்சிக்கு ரொம்பத் திமிரு புள்ள, என் லீக்ஸுக்கு மேல நின்னு எட்டிப் பாக்குதுன்னு. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கங்காணி சிரிப்பு. கூடையைக் கவிழ்த்துக் காம்பு தேடும்போதும் அதே சிரிப்புதான் சிரிப்பார். இருபது வருஷம் அதட்டின ஆளுக்கு, அதட்டப்பட்டவளுக்குப் பக்கத்தில் லீக்ஸ் நடுவது எப்படி இருக்கும்? எரிச்சல் இருக்காதா? பிடுங்கிப் போடத் தோன்றாதா ஒரு நாள், ஒரு சாயங்காலம்?

“அண்ணே! கொஞ்சம் இங்க வாங்க!” குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது. சவரிமுத்து கையில் மட்டக் கம்போடு வந்தார். தேயிலைச் செடியின் மட்டம் பார்க்க வைத்திருந்த கம்பு. மண்சரிவில் அவர் காப்பாற்றிக்கொண்டு வந்த ஒரே சாமான் அதுதான் என்று கொலனியில் கேலி செய்வார்கள். இப்போது அதை வைத்து லீக்ஸுக்கு இடைவெளி அளக்கிறார். வரிசையைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த கேலி இறங்கிவிட்டது. அதை அவள் கவனித்தாள். செய்தவன் முகம் அப்படி இறங்காது. “அட கடவுளே,” என்றார். “இன்னிக்கா வரணும் இது. மரை, புள்ள. மரையேதான்.” அவள், “குளம்பு இல்லையே, அண்ணே,” என்றாள். “குளம்பு கெடக்கட்டும். ஐயா வந்தா மரைன்னு சொல்லு. மிருகம் மேஞ்ச துண்டுக்கு மறுபடி போடத் தவணை உண்டு, சங்கத்துச் சட்டத்துலயே இருக்கு. சொந்தத் தப்புல போன பயிருக்குத்தான் தவணை இல்ல. ஆறாம் துண்டுக்காரன் என்னா சொன்னான்? தண்ணி கூடிப்போச்சி, நான்தான் ஊத்தினேன்னான். துண்டு போச்சி.” அவர் சொல்வது சரிதான். மரை. இரண்டெழுத்து. சொல்லிவிட்டால் பலகை நிற்கும். குளம்பு எங்கே என்று யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? செருப்புத் தடத்தின் மேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் மண்ணும் வாயைத் திறக்காது. அவள் குடத்தை எடுக்கத் திரும்பினாள். அப்போதுதான் இரண்டாம் வரிசையின் காலடியில் அதைக் கண்டாள்.

ஒரு பிடி குருத்து. வாடிச் சுருங்கி, ஆனால் கலையாமல், ஒரு கையிலிருந்து மொத்தமாக விழுந்ததுபோலக் கிடந்தது. ஐந்து கம்பு தள்ளி இன்னொரு பிடி. அதற்கு ஐந்து கம்பு தள்ளி இன்னொன்று. மரை தின்னும், பறித்துப் பிடி பிடியாக வைத்துவிட்டுப் போகாது. திருட வந்தவனும் வைக்கமாட்டான். மூன்றாம் வரிசையைப் பார்த்து நின்றால் இது முதுகுக்குப் பின்னால். முதுகுக்குப் பின்னால் ஏன் போட வேண்டும்? கை நிறைந்ததும் தலைக்கு மேலாக, திரும்பிப் பார்க்காமல், பின்னால் எறிய வேண்டியது எதற்கு? அவள் வலது கை தானாக எழுந்து தோளுக்கு மேலே போய், அங்கே இல்லாத ஒரு கூடையைத் தொட்டது. சவரிமுத்து அதற்குள் குனிந்து ஒரு குருத்தை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ரெண்டு எலையும் ஒரு குருத்தும்,” என்றார். இன்னொன்றை எடுத்தார். “ரெண்டு எலையும் ஒரு குருத்தும். காம்பு இல்ல. நகம் வச்ச எடம் கத்தி வச்சாப்புல இருக்கு.” மூன்றாவதை அவர் எடுக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “ஏ புள்ள. இது ஒன் கை.” இருபது வருஷம் கூடை கூடையாகக் கவிழ்த்துப் பார்த்தவர். மலையில் அறுபது பெண்கள் எடுத்த கொழுந்தைக் கலந்து கொட்டினாலும் இது இன்னார் எடுத்தது என்று சொல்லிவிடுவார்.  அவள் கைக்கு அது முன்பே தெரிந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் அவள் கொடிகளைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வரிசை கட்டி முடித்தது ஞாபகம் இருக்கிறது. நூல் தீர்ந்ததும் ஞாபகம் இருக்கிறது. பிறகு? பிறகு மூன்றாம் வரிசையின் முன்னால் நின்றாள், கொடி இடுப்புக்கு வந்திருந்தது, தேயிலைச் செடி எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரம், பச்சையும் அதே இளம்பச்சை, பனியும் அதே பனி, கனகா இடது பக்கம் இருந்தாள். இல்லை, கனகா இல்லை, அவள் மனதில்தான் கனகாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நாளைக்கு ஐயா வாறாருடி, என் துண்டைப் பார்க்க வாறாருடி, நீ பார்த்தால் சிரிப்பாய், போஞ்சி மரம் மாதிரி நிற்குது என்று. கனகாம்பரம், இருபது வருஷம் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள், எப்போதும் இடது பக்கம். “ஒன் வாயி ஒரு ஊருக்குப் போவுது, கை ஒரு ஊருக்குப் போவுது, ரெண்டுக்கும் தனித்தனியாச் சம்பளம் குடுக்கணும்டி ஒனக்கு,” என்பாள். மண்சரிவு அன்றைக்குக் கனகாவுக்குக் காய்ச்சல். நீ படு, ஒன் நிரையையும் நானே எடுத்து ஒன் பேர்ல நிறுத்துப் போடுறேன் என்று சொல்லிவிட்டு நவமணி மலைக்குப் போனாள். தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு பகுதியையும் மலை என்றுதான் சொல்வார்கள், ஏழாம் மலை, ஒன்பதாம் மலை என்று. ஒன்பதாம் மலையில் அவள் இரண்டு நிரையையும் எடுத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது, முதலில் லொறி என்று நினைத்தாள், பெரிய லொறி, நிற்காத லொறி. மண் இறங்கியது கனகா படுத்திருந்த லயத்தின் மேல். அந்தக் கூடை நிறுக்கப்படவே இல்லை. எங்கே வைத்தாள், யார் எடுத்தார்கள், தெரியாது. சில நாள் அரைத்தூக்கத்தில் அதைத் தேடுவாள். நேற்று கை அதைத்தான் எடுத்திருக்கிறதா? கனகா பக்கத்து நிரையையா? எடுத்து எடுத்துப் பின்னால் போட்டு, ஒரு பேருக்கு, ஒரு நாள் சம்பளத்துக்கு, வேண்டிய கொழுந்தைச் சேர்த்ததா? நாற்பத்தேழாம் கம்பில் நின்றிருக்கிறது. அதற்கு அப்பால் கொடிகளுக்குத் தலை இருக்கிறது. ஏன் நாற்பத்தேழு? போன் அடித்தது. தர்மலிங்கம் பேசினான். “நாளைக்கு ஐயா வந்தா கையக் கட்டிக்கிட்டு நிக்காத. நேரா நில்லு. அது ஒன் காணி.” அதோடு இருட்டிவிட்டது, அவள் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டாள், பின்னால் கிடந்தது எதையும் பார்க்காமல்.

“தண்ணிய ஊத்து,” என்றார் சவரிமுத்து. “இந்தக் குருத்தெல்லாம் நான் பொறுக்கி என் குப்பக் குழியில போட்டுர்றேன். நான் பாக்கல, நீ பாக்கல. மரை.” அவர் உண்மையாகவே குனிந்து பொறுக்க ஆரம்பித்தார், மட்டக் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. கங்காணி அவளுக்காகக் குனிந்து அவள் பார்த்ததே இல்லை. சந்தேகப்பட்டோமே என்று காது சுட்டது. குடம் கையில் கனத்தது. ஊற்றலாம். இப்போதே ஊற்றலாம். கீழே படியில் பேச்சுக்குரல் கேட்டது, நேரத்துக்கு முன்பே ஆறாம் துண்டுக்கு வந்துவிட்டார்கள் போல. மரை, மரை என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எவ்வளவு சுலபமான சொல். ஆனால் அந்தச் சொல் போய் வரிசையின் மேல் உட்கார மறுத்தது. மரை வந்தால் கொடியை இழுத்துப் பிய்த்திருக்கும், கம்பைச் சாய்த்திருக்கும், நார் நாராகத் தொங்கவிட்டிருக்கும். இங்கே நாற்பத்தேழு கம்பில் தொண்ணூற்று நாலு கொடி, ஒன்றுகூட நசுங்கவில்லை, ஒன்றுகூட மட்டம் தப்பவில்லை, அதுவும் பார்க்காமல், வேறு எங்கோ பேசிக்கொண்டு. இதை எந்த மரை செய்யும்? இந்தத் தோட்டத்தில், இந்த மாவட்டத்தில், எத்தனை பேர் செய்வார்கள்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. துண்டு போகப்போகிற நேரத்தில் சிரிப்பு வருகிறதே என்று பயமும் வந்தது. “வைங்க, அண்ணே,” என்றாள். “இருக்கிற எடத்துலயே வைங்க. அது என் கைதான். ஒரு மிருகத்துக்குக் குடுக்க மாட்டேன்.” சவரிமுத்து குனிந்தபடியே நின்று அவளைப் பார்த்தார். “ஒனக்குப் பைத்தியம்,” என்றார். ஆனால் குருத்தைக் கீழே வைத்தார்.

போதனாசிரியர் நிரோஷன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்தேழு வயதுதான் இருக்கும், சப்பாத்தில் சேறு அப்பியிருந்தது. சங்கச் செயலாளர் ஜீவராணி நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் வந்தாள். நவமணி முதல் வரிசைக்குக் கூட்டிப்போகவில்லை. நேரே மூன்றாம் வரிசைக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியிலேயே இரண்டு கையும் வயிற்றுக்கு முன்னால் கட்டிக்கொண்டதை உணர்ந்து அவிழ்த்தாள், அவை மறுபடி கட்டிக்கொள்ளப் பார்த்தன, அவிழ்த்தாள். “இதென்ன அக்கா? மரையோ?” என்றார் நிரோஷன். ஜீவராணி பேனாவைத் திறந்து, “மரைன்னா எழுதிக்கிறேன், நவமணியக்கா, தவணை இருக்கு,” என்றாள். அவள் நல்லவள், வழிகாட்டுகிறாள். “இல்ல,” என்றாள் நவமணி. “நான்தான் கிள்ளினேன். தெரியாமக் கிள்ளினேன். கொழுந்து எடுத்த கை, நெனப்பு எங்கேயோ போயிருச்சி, கை எடுத்துருச்சி.” ஜீவராணியின் பேனா நின்றது. அடுத்த பெயர் யாருடையது என்று அந்த நோட்டில் இருக்கும், கடைசிப் பக்கத்தில். சவரிமுத்து மட்டக் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். “ஐயா, ஒரு வார்த்த. இந்தப் புள்ள கையக் கொறை சொல்ல இருபது வருஷம் தேடினேன். அகப்படல.” இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லை. அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, கானைப் பார்த்தாள், கான் ஓரத்தில் அந்தப் பன்னிரண்டு கொடிகளைப் பார்த்தாள். பார்த்த கண் அங்கேயே மாட்டிக்கொண்டது. கான் பள்ளம். பள்ளத்தில் இறங்கி நின்றால், சின்னக் கொடிகூட இடுப்புக்கு வரும். இரண்டு வாரத்துக்கு முன்னால் கான் வெட்ட இறங்கி நின்றாளே. அன்றைக்கும் ஏதோ நினைத்துக்கொண்டுதான் நின்றாள். அவள் நேரே நடந்து போய் முதல் கொடியின் இலைகளை விலக்கினாள். மூன்றாம் கணுவுக்கு மேலே, காய்ந்து பழுப்பேறிய ஒரு சின்ன வடு, குறுக்கே, சுத்தமாக. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு கொடி. அடுத்ததை விலக்கினாள். வடு. அதற்கடுத்தது. வடு. பன்னிரண்டிலும். கானின் மண்ணாவது சத்தாவது.

“தம்பி,” என்று கூப்பிட்டாள். ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும், பரவாயில்லை. நிரோஷன் கானுக்குள் இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வடுவைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார், எண்ணினார், மறுபடி மூன்றாம் வரிசைக்குப் போய் மொட்டையைப் பார்த்தார். “தேயிலையும் இப்பிடித்தானே அக்கா? கிள்ளக் கிள்ள அகலும்?” என்றார். “அப்பிடித்தான்,” என்றாள். “போஞ்சியிலையும் சில இடத்திலை கிள்ளுறவை எண்டு படிச்சிருக்கிறன். கண்ணாலை கண்டதில்லை. காய் கூடுமோ குறையுமோ எனக்கு இப்ப சொல்லத் தெரியாது. பிந்தும், அது நிச்சயம்.” அவர் தெரியாது என்று சொன்னது அவளுக்குப் பிடித்தது. நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிற ஆட்கள் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. “மூண்டு கிழமைக்குப் பிறகு திரும்பி வருவன். காயைப் பாத்து முடிவு சொல்லுறன். அதுவரைக்கும் பலகை நிக்கட்டும்,” என்று ஜீவராணியிடம் சொல்லிவிட்டு, இவள் பக்கம் திரும்பினார். “மிச்ச வரிசையள என்ன செய்யப் போறியள்?” நேற்றுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இதை எடு, அங்கே போ, மட்டம் பார் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவள் நேராக நின்றாள். “நாலாம் வரிசையக் கிள்ளுவேன். அஞ்சும் ஆறும் அப்பிடியே நிக்கட்டும். நீங்க வந்து பக்கத்துல வச்சிப் பாருங்க.” நிரோஷன் தலையாட்டினார். ஜீவராணி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அவர்கள் பன்னிரண்டாம் துண்டைத் தாண்டிப் போனபிறகு வெயில் வந்தது. மூன்று வாரம். காய் வந்தால் பலகை நிற்கும், வராவிட்டால் வெள்ளை அடிப்பார்கள், நனைந்த நாளில் மட்டும் இவள் பெயர் அடியிலிருந்து தெரியும். தெரியட்டும். அவள் நாலாம் வரிசையின் முதல் கம்பின் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த கோடுகள், மூன்று வருஷம் ஆகியும் போகவில்லை. எங்கேயும் போகாதே, நெனப்பே, இங்கேயே நில்லு என்று சொல்லிக்கொண்டாள். இந்த முறை பார்த்துக்கொண்டே எடுத்தாள். கணுவைப் பார்த்து, இலையை எண்ணி, நகத்தை வைத்து, டிக். டிக். கை சிரமப்பட்டது, பார்த்துச் செய்து பழக்கமில்லாத கை. நாலாம் கம்பில் பழகிவிட்டது. இடது பக்கம் யாரும் இல்லை, அதுவும் தெரிந்தது, தெரிந்தும் கை நிற்கவில்லை. பிடி நிறைந்ததும் தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்தாள். கூடை இல்லை என்பது தெரிந்துதான் எறிந்தாள். “மட்டம் பாத்து எடு, புள்ள!” பன்னிரண்டாம் துண்டிலிருந்து குரல் வந்தது. வந்த பிறகுதான் சவரிமுத்துவுக்கே அது கேட்டது போல, தொப்பி லீக்ஸுக்குள் சட்டென்று குனிந்தது. நவமணி கையை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

“இது என் மலை, அண்ணே,” என்றாள். “மட்டம் நான் பாத்துக்கிறேன்.”